பின்சந்தைப் பார்த்த பெட்டி

கத்திரி வெயில் தொடங்கி, பாலாற்று மணலில் நாய்கூடக் கால் வைக்க யோசிக்கிற ஒரு மத்தியானத்தில், வேலூர் வடக்குப் பெரிய தெருவில் தயாளனின் ஜெராக்ஸ் கடைக்குள் உறைபனி பிடித்தது. முதலில் அது பிடிக்க வேண்டிய இடத்தில்தான் பிடித்தது. அதாவது தயாளன் மகள் சங்கவி தன் கம்ப்யூட்டரின் ப்ராசஸர்மேல் உட்காரவைத்திருந்த செப்புத் தலையில். பிறகு அந்த இடம் போதாமல் குழாயில் ஏறி, மேசையில் இறங்கி, ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டி, வாசலில் கிடந்த செருப்புகளுக்குள் புகுந்து, தெருவுக்கு வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டு முனைக்கும் பொடிநடையாகப் போய்ச் சேர்ந்தது. தெருமுனையைத் தாண்டி ஓரடிகூடப் போகவில்லை. முனையில் இருந்த பெட்டிக்கடையின் பாதி குளிர்ந்தது, பாதி கொதித்தது.

யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் கஜபதி சார், தெருச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், பனியனோடு வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தவர், விசிறியை மடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: "எனக்குப் போத்தின பொன்னாடையெல்லாம் எங்க வெச்சிருக்க? ரெண்டு எடுத்தா."

ஊரில் உள்ளவர்கள் மேடையில் போர்த்தியவை, அடுத்த மேடையில் வேறு யாருக்கோ போர்த்துவதற்காக அவர் பீரோவில் மடித்து வைத்திருந்தவை, அத்தனை பொன்னாடைகளும் அன்றுதான் முதல்முதலாக உடம்புக்கு உபயோகப்பட்டன.

சங்கவிக்குப் பதினேழு வயது. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். காரணம் ஒன்றும் சோகமில்லை, அவளுக்குப் போர் அடித்தது, அவ்வளவுதான். உலகத்தில் சில கிறுக்கர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரை அதன் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டி, அது செத்துப்போவதற்குள் எவ்வளவு வேகம் ஓடியது என்று இணையத்தில் போட்டு வரிசைப்படுத்துவார்கள். அந்த வரிசையில் முதலாவதாக வரவேண்டும் என்பதுதான் சங்கவிக்கு ஒரே ஆசை. விரட்ட விரட்ட ப்ராசஸர் சூடாகும். சூட்டை எடுத்தால் இன்னும் விரட்டலாம். ஃபேன் வைத்தாள், தண்ணீர் ஓட்டினாள், போதவில்லை. மைனஸுக்கு இறக்க வேண்டும். அதற்கு ஃபிரிட்ஜ் வைத்தியம் தெரிந்த ஆள் வேண்டும். அப்படித்தான் மோசஸ் வந்தான்.

மோசஸ் பின்சந்துக்காரன். ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். அவனும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அவன் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே. பழைய கம்ப்ரசர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, செப்புக் குழாயைப் பற்றவைத்து, கேஸ் ஏற்றி, நெருப்புப் பெட்டி அளவில் ஒரு செப்புத் தலையையும் செய்து கொடுத்தான்.

"இன்னா நெனச்சிக்கினு கீற? இது குளிர உண்டாக்கும்னா?" என்றான். "குளிருன்னு ஒண்ணும் கெடையாது. கேஸு இங்க கீற சூட்ட எடுத்துக்கினு போயி அங்க கொட்டும். எடுத்த எடம் ஜில்லுனு ஆவும். கொட்டின எடம் வேவும். அவ்ளோதான் மேட்டரு."

"தெரியும்டா. பாடம் எடுக்காத. அதுக்குத்தான் ஸ்கூலயே வுட்டேன்."

செப்புத் தலையை ப்ராசஸர்மேல் உட்காரவைப்பது பொறுமைசாலிகளின் வேலை, சங்கவிக்குப் பொறுமை கிடையாது. சுற்றிலும் வாஸ்லின் தடவி, ரப்பர் ஷீட்டை அளந்து வெட்டி, பஞ்சு மெத்தை மாதிரி ஃபோமை அமுக்கி, காற்றின் ஈரம் எந்தச் சந்திலும் நுழைந்து தண்ணீராகிவிடாதபடி அடைத்து, நடுவில் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் கடுகளவு வைத்து, பிறகு திருகை முறுக்க வேண்டும். அவள் ஒரே மூலையைப் போட்டு முறுக்கினாள்.

"ஏய், ஏய்! சிப்பு ஒடஞ்சிடும். காரு டயரு மாட்டுறாப்புல எதிரெதிரா முறுக்கு. இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுங்கணும். ஒரே பக்கம் ஏறி மிதிச்சா எதுதான் தாங்கும்?"

அவள் அப்படியே முறுக்கினாள். எல்லாம் முடிந்தபின் பாக்கி இருந்தது ஒன்றுதான்: சூட்டைக் கொட்டுகிற பெட்டி. வளைவு வளைவாகச் செப்புக் குழாயும் தகடும், பின்னால் ஒரு ஃபேன். அதை எந்தப் பக்கம் வைப்பது?

இதைத் தெருவில் யாரும் யோசித்ததே இல்லை. வடக்குப் பெரிய தெருவில் எல்லா வீட்டுக்கும் முகம் தெருவைப் பார்க்கும், முதுகு பின்சந்தைப் பார்க்கும். சமையல் புகை அந்தப் பக்கம், கக்கூஸ் குழாய் அந்தப் பக்கம், வாஷிங் மெஷின் தண்ணீர் அந்தப் பக்கம், ஏசி பெட்டிகள் வரிசையாக அந்தப் பக்கம். வேண்டாதது எதுவானாலும் ஒரு ஓட்டை போட்டுப் பின்னால் விட்டால் அது உலகத்தை விட்டே போய்விட்டதாகக் கணக்கு. தயாளன் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "வாசப்பக்கம் ஆள் வர்ற எடம், பின்னால விடுங்கப்பா," என்றார். ஃபேன் போடச் சொல்கிற மாதிரி சொன்னார்.

டிரில்லை எடுத்தது மோசஸ்தான். சுவரில் வைத்துவிட்டு ஒரு நொடி நின்றான்.

"இதுக்கு நேரா எங்கூடு கீது."

"கொஞ்சம் சூடா காத்து வரும். அவ்வளோதானேடா."

"எங்கம்மா துணி காயப் போட்டுக்கும், வுடு," என்று சிரித்துவிட்டு, தன் வீட்டைப் பார்த்துத் தானே ஓட்டை போட்டான்.

ஸ்விட்சைப் போட்டார்கள். மற்றதுதான் தெரியுமே, உறைபனி பிடித்தது.

தெரு அந்தக் குளிரை எப்படி எடுத்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவ்வளவு வசதியாக எடுத்துக்கொண்டது. வேலூர் முழுக்கத் தார் உருகிக்கொண்டிருக்க, அங்கே பெண்கள் குல்லா போட்டுக்கொண்டு கோலம் போட்டார்கள், கோலத்தின்மேல் பனி பூத்தது. மோர்ப்பந்தல் போட வந்த கட்சிக்காரர்கள் பந்தலைப் பிரித்துவிட்டுச் சுக்குக்காப்பி போட்டார்கள். பிள்ளையாருக்கு மப்ளர் சுற்றினார்கள். ஊட்டிக்கு ரூம் போட்டிருந்தவர்கள் எல்லாரும் கேன்சல் செய்துவிட்டு, வெளியூர்ச் சொந்தங்களுக்கு போன் போட்டு, "வாங்களேன், இங்க குளிர் தாங்கல," என்று பெருமையாகச் சலித்துக்கொண்டார்கள். சொந்தங்கள் வந்தார்கள், சொந்தங்களின் சொந்தங்களும் வந்தார்கள். ஆள் கூடக் கூடக் குளிர் நீர்த்துப்போவதைக் கண்டுபிடித்த கஜபதி சார், "உடம்பு ஒவ்வொண்ணும் ஒரு அடுப்பு, தெரிஞ்சுக்குங்க," என்று சங்கக் கூட்டத்தில் விளக்கி, தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டவைத்தார். வெளியாட்கள் வரக்கூடாது. மோசஸ் மட்டும் வரலாம், மெஷினுக்கு ஏதாவது ஆனால் வேண்டுமே.

சங்கவியைத் தெரு கொண்டாடியது. நேற்றுவரை "தயாளன் பெத்த தறுதலை" என்று சொன்ன வாய்கள் "சங்கவிம்மா" என்றன. தன் விருந்தாளிகளை அழைத்துவந்து, கடைக்கு வெளியே நிற்கவைத்து, "நான் அப்பவே சொன்னேன், இந்தப் பொண்ணு படிப்புக்கெல்லாம் மேல," என்றார் கஜபதி சார். அவர் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை. அவள் திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது. கம்ப்யூட்டரும் பறந்தது, வரிசையில் அவள் பெயர் ஒவ்வொரு படியாக மேலே ஏறியது.

பிறகு இட்லி மாவு புளிக்கவில்லை.

தெருவில் ஒரு வீட்டிலும் புளிக்கவில்லை. மாலையில் ஆட்டி வைத்த மாவு காலையில் வைத்தது வைத்தபடி, ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊற்றினால் இட்லி கல்லாக வந்தது. வடாம் பிழிந்தால் காயவில்லை, ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காய் ஊறவில்லை. ஆண்கள் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பெண்கள்தான் வழி கண்டுபிடித்தார்கள். பின்சந்தில் சூடு இருக்கிறதே.

அப்படித்தான் பொழுது சாய்ந்ததும் குண்டான்கள் கிளம்பின. அலுமினியக் குண்டான், எவர்சில்வர் குண்டான், மூடிபோட்டு, மூடிமேல் வெள்ளைத்துணி கட்டி, பெரிய தெரு வீடுகளிலிருந்து ஊர்வலம்போலச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போயின. பின்சந்தில் கை நனைக்காதவர்கள் எல்லாரும் கொடுத்தார்கள். சங்கவியின் அம்மா வாசுகி அதற்கு ஒரு நியாயமும் சொன்னாள்: "நம்ம குண்டான், நம்ம மாவு, நம்ம துணி. சூடு மட்டும்தானே அவங்களுது."

அந்தச் சூடும் நம்மளுதுதாம்மா என்று சங்கவியின் வாய்வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

வாசுகியின் குண்டானைச் சங்கவிதான் எடுத்துப் போவாள், மோசஸ் அம்மா எஸ்தரிடம் கொடுக்க. சந்துமுனையில் திரும்பியதும் சூடு முகத்தில் அறையும்; அடுப்பின் வாயில் தலையைக் கொடுத்த மாதிரி. அங்கேயும் யாரும் அதிசயப்பட்டு நிற்கவில்லை, அதற்கு அவர்களுக்கு நேரமில்லை. பிளாஸ்டிக் குடங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து கூன் போட்டுவிட்டன. ஊறவைத்த அரிசி அடுப்பேறாமலே சோறாகியது. இஸ்திரி போடுகிற குப்பன் கரியை நிறுத்திவிட்டு, பெட்டியைச் சுவரில் சாத்திவைத்து எடுத்துத் தேய்த்தார். கூடையில் வைத்திருந்த முட்டைகள் கோழி இல்லாமலே பொரித்து, குஞ்சுகள் வெளியே வந்த வேகத்தில் மறுபடி ஓட்டுக்குள் போகப் பார்த்தன. சாயங்காலமானால் சந்தே பாயைச் சுருட்டிக்கொண்டு ஆற்று மணலுக்குப் போனது. அதுவே இதற்குத் தேவலையாம். போகாதது எஸ்தர் வீடு மட்டும்தான். மோசஸின் அக்கா ரூத் பிள்ளை பெற்று வந்திருந்தாள். பச்சை உடம்புக்காரியைத் திறந்தவெளியில் படுக்கவைக்க முடியாதே.

தூளி கட்டியிருந்த கம்பிக்கு நேர் எதிரில், சுவருக்கு அந்தப் பக்கம், சங்கவியின் பெட்டி.

எஸ்தர் ஈரத்துணியைப் பிழிந்து தூளிமேல் போடுவாள். அடுத்த துணியை நனைப்பதற்குள் போட்டது அப்பளம் மாதிரி முறுகிப்போயிருக்கும். குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு, கோழியின் தோல் மாதிரி.

"வா பாப்பா. குண்டான அப்பிடி வெய்யி. காலைல பொங்கிக் கீழ வழியும் பாரு," என்பாள் எஸ்தர், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, இல்ல ஆன்ட்டி?" என்றாள் சங்கவி.

முதல் தடவை தெரியாமல் வாயில் வந்தது. பிறகு தினமும் அதையே சொன்னாள், சொல்லாமல் இருந்தால் வேறு எதையாவது சொல்லிவிடுவோம் என்ற பயத்தில்.

"ஆமாமா, கத்திரி ஆச்சே," என்பாள் எஸ்தர்.

தூளியைப் பார்க்காமல் குண்டானை வைத்துவிட்டு வரக் கற்றுக்கொண்டாள் சங்கவி. கழுத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பினால் போதும். வீட்டுக்கு வந்ததும் குளிர் வந்து கட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுகத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பாள். நிற்கும்போதே தன்மேல் தனக்குக் குமட்டும். நிறுத்தலாம், ஒரு ஸ்விட்ச்தானே. ஆனால் வரிசையில் அவளுக்கு மேலே இன்னும் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. அதைத் தாண்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நேற்றும் அப்படித்தான் நினைத்தாள். மோசஸ் வருவது நின்று போயிருந்தது. கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்றான். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

அவன் வந்தது ஒரு பட்டப்பகலில். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சங்கவி அப்போதுதான் வேகத்தை அளக்கிற ஒரு ஓட்டத்தைத் தொடங்கியிருந்தாள். திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்து," என்றான்.

"என்னடா?"

"கொழந்தைக்குக் கண்ணு சொருவுது. ஆட்டோ சந்துக்குள்ள வராது, டயரு ஒட்டிக்குதுன்றான். எங்கக்கா தூக்கிக்கினு உங்க தெருவுக்கு வந்துச்சு, கொஞ்ச நேரம் ஜில்லுனு வெச்சிக்கலாம்னு. கயித்தாண்டயே நிக்க வெச்சிட்டாங்க. பச்சக் கொழந்தைக்குக் குளுரு ஆவாதாம், உங்க சாரு சொல்றாரு. நல்லதுக்குத்தான் சொல்றாராம்."

இத்தனை நாளும் குண்டான் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. குழந்தையை அங்கிருந்து இங்கே கொண்டுவா என்று ஒரு தடவைகூடச் சங்கவிக்குச் சொல்லத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதுகூடப் பொய். தோன்றியது. வந்தால் குழந்தையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கை ஸ்விட்ச் பக்கம் போனது. பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. இதுவரை ஓடாத வேகம். கை அங்கேயே நின்றது.

"ஒரு நிமிஷம்டா," என்றாள். "முடியப் போவுது."

மோசஸ் கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. கைகட்டிக்கொண்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் மாதிரி, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கோடு ஊர்ந்தது. அவர்கள் இருவரின் மூச்சும் புகையாக வந்து, திரையில் படிந்து, கோட்டை மறைத்தது. சங்கவி அதைத் தன் கையாலேயே துடைத்தாள். துடைத்ததை அவன் பார்த்தான்.

கோடு முடிந்தது. வரிசையில் முதல் பெயர் அவளுடையது.

"முட்ஞ்சிச்சா?" என்றான் மோசஸ்.

அவள் எழுந்து ஓடினாள். நிறுத்தினால் போதாது என்று அவளுக்குத் தெரியும்; சாயங்காலத்துக்குள் தெருவே வந்து மறுபடி போட்டுவிடும். சுவர் ஓட்டையில் மாட்டியிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தகடு உள்ளங்கையைச் சுட்டது. மோசஸ் உதவிக்கு வரவில்லை. அவன் பார்வை ஓட்டை வழியாகத் தன் வீட்டின்மேலேயே இருந்தது. தோல் ஒட்டிக்கொண்டு வர, வர, அவள் இழுத்து, குழாயோடு பெட்டியைத் திருப்பி, வாசலைப் பார்த்து வைத்தாள்.

மோசஸ் ஓட்டைக்கு நேராகக் கையை நீட்டி, அந்தப் பக்கம் சூடு வரவில்லை என்று பார்த்துக்கொண்டு போனான்.

சூடு தெருவுக்கு வந்தது. ரொம்ப நாள் வெளியூரில் இருந்தவன் வீடு திரும்புகிற மாதிரி, ஒவ்வொரு வாசலையும் அடையாளம் பார்த்து, ஒவ்வொரு ஜன்னலையும் தொட்டு, பிள்ளையாரின் மப்ளரை அவிழ்த்து, கோலத்தின் பனியை நக்கி, பொன்னாடைகளுக்குள் புகுந்தது. எடுத்த குளிரும் கொட்டின சூடும் ஒரே தெருவில் கலந்து, கடைசியில் மிஞ்சியது வேலூரில் எல்லாருக்கும் இருக்கிற அதே வெயில். கம்ப்ரசர் ஓடுகிற சூடு மட்டும் கொஞ்சம் கூடுதல். அது சங்கவியின் பங்கு.

கஜபதி சார் வேர்த்து வழிந்துகொண்டு வந்தார். பின்னாலேயே தெரு வந்தது.

"யாரைக் கேட்டு இந்தப் பக்கம் திருப்பின?"

"யாரைக் கேட்டு சார் அந்தப் பக்கம் வெச்சோம்?"

"எதிர்த்துப் பேசுது பாருங்க. அதான் ஸ்கூல்லயே நிக்கல."

யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். செப்புத் தலையின் பனி உருகி, அவள் அவ்வளவு பாடுபட்டு அடைத்திருந்த ஃபோமுக்குள் இறங்கி, ப்ராசஸரின் கால்களுக்குள் ஓடியது. சின்னதாக ஒரு கருகல் வாசனை வந்தது. சங்கவி திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பெட்டியின் தகடு கோடு கோடாக அச்சுப் பதிந்திருந்தது.

அதற்கப்புறம் தெரு அவளோடு பேசவில்லை. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நிமிஷம்டா என்று தான் சொன்னதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்தர் மறுநாள் வந்தாள், பெரிய தெரு வழியாகவே, கயிறு அவிழ்ந்து கிடந்த முனையைத் தாண்டி. இடுப்பில் வாசுகியின் குண்டான். கடையில் சங்கவி மட்டும் இருந்தாள்.

"இந்தா உங்கம்மா குண்டான். ஆஸ்பத்திரி அலைச்சல்ல குடுக்க முடில. நல்லாப் பொங்கிக்கீது, இன்னிக்கே ஊத்திடச் சொல்லு."

"கொழந்தை, ஆன்ட்டி?"

"கண்ணத் தெறந்துட்டா. பால் குடிக்கிறா."

சங்கவிக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று இருந்தாள், ஏனென்றால் எஸ்தர் ஆறுதல் சொல்லிவிடுவாள்.

எஸ்தர் குண்டானை மேசையில் வைத்துவிட்டு, சுவரிலிருந்த ஓட்டைக்கு முன்னால் குனிந்து அந்தப் பக்கம் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தூளிக் கம்பி தெரியுது," என்றாள். பிறகு நிமிராமலே கேட்டாள்: "பாப்பா, தெனமும் வருவியே. சந்து மொனைலயே சூடு தெரியுமில்ல?"

"தெரியும் ஆன்ட்டி."

"எங்கேந்து வருதுன்னு?"

வெயில் ஜாஸ்தி என்று சொல்ல நாக்கு பழகியிருந்தது. சங்கவி அதை அடக்கிக்கொண்டாள்.

"தெரியும்."

எஸ்தர் நிமிர்ந்தாள். கோபப்படவில்லை. ஏதோ கைமாறிப்போன சாமானைத் திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரி மெதுவாகத் தலையாட்டினாள்.

"மோசஸாண்ட நான்தான் சண்ட போட்டுக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுடா, தெரிஞ்சா செய்யுமான்னு."

அவ்வளவுதான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளேயிருந்து வாசுகி குரல் கொடுத்தாள். "யாருடி அது?"

"மாவு வந்திருக்கும்மா."

"புளிச்சிருக்கா பாரு."

சங்கவி துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். மாவு இன்னும் சூடாக இருந்தது. நுரைத்து, விளிம்பைத் தாண்டி, மேசையில் வழிந்து நிற்காமல் பொங்கிக்கொண்டிருந்தது. சுட்ட உள்ளங்கையை அதற்குள் வைத்தாள். எரிந்தது. எடுக்கவில்லை.

"நல்லாப் புளிச்சிருக்கும்மா," என்றாள்.